அந்த மருந்து ஹராமா?

 



லாகிரி வஸ்துக்களைப் பற்றி எத்தனையோ பயான்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவை ஹராம் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. அதை மீண்டும் நிறுவுவதற்காக நாம் இங்கு எழுத முற்படவில்லை. அதற்கு அடுத்தாற்போல் எழும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

அந்தப் படுகுழியில் விழுந்துவிட்ட வாலிபன் ஒருவன் எழுந்து வர விரும்புகிறான். டாக்டரிடம் போகிறான். டாக்டர் தினந்தோறும் உட்கொள்ள ஒரு மாத்திரை தருகிறார். அந்த மாத்திரையும் அபின் இனத்தைச் சேர்ந்ததுதான் என்று வீட்டார் கேள்விப்படுகிறார்கள். உடனே பள்ளிவாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், இது ஹலாலா, ஹராமா?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நாம் ஒரு முறை தவறாகப் பதில் கூறினோம். அதன் விளைவை மறைத்துவிட்டு இதை எழுத நமக்கு உரிமையில்லை.

நாம் கூறிய தீர்ப்பு

நாம் ஸனது பெற்று வந்து, சிதம்பரம் வட்டாரத்தில் ஒரு சிறிய மஹல்லாவில் இமாமத் செய்துகொண்டிருந்த காலம். ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் வந்து, திரைக்கு அப்பால் நின்றபடி பேசினார். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்த்தவன். கூட்டாளிகளின் சேர்க்கையால் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகினான். பின்னர் ஹெராயினுக்கும் போனான். உம்மாவின் நகைகள் போயின. தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்த பணமும் போயிற்று. கடைசியில் ஒருவாறு ஆஸ்பத்திரியில் காட்டி, ஏழு மாதமாக மருந்து சாப்பிட்டு வருகிறான். ஊருக்கே திரும்பி வந்து, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலைக்கும் போகிறான்.

"இப்ப நல்லா இருக்கான் ஹஜ்ரத். ஜும்ஆவுக்கு வர்றான். ஆனா தினமும் நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைக்கிறான். அதுவும் அந்தப் போதை ஜாதிதானாம். ஒரு நஜீஸைக் கழுவ இன்னொரு நஜீஸான்னு என் தம்பி கேக்குறார். நோன்பு வேற வருது. நான் என்ன செய்யட்டும்?"

அந்த மாத்திரையின் பெயர் என்ன, அது என்ன வேலை செய்கிறது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாம் விசாரித்திருக்க வேண்டும். மருந்து கொடுத்த டாக்டர் என்ன சொன்னார் என்றாவது கேட்டிருக்க வேண்டும். எதையும் கேட்கவில்லை. "போதை எந்த உருவில் வந்தாலும் ஹராம்தான். ரமளான் வருகிறது. மாத்திரையை விட்டுவிட்டுத் தௌபாச் செய்யச் சொல்லுங்கள். அல்லாஹ் போதுமானவன்" என்றோம். மார்க்கத்தை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டோம் என்ற திருப்தியும் அப்போது நமக்கு இருந்தது.

பிள்ளை கீழ்ப்படிந்தான். மாத்திரையை நிறுத்தினான். உடம்பெல்லாம் நோக, இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தபடியே நோன்பு வைத்தான். தராவீஹில் கடைசி வரிசையில் அவனைப் பார்த்தோம். சட்டை நனைய வியர்த்துக்கொண்டு நின்றான். "ஈமானின் பலத்தைப் பாருங்கள்" என்று அருகிலிருந்தவர்களிடம் நாம் பெருமையாகச் சொன்னோம். மாதக் கடைசியில் அவனைக் காணவில்லை. பெருநாள் கழிந்து நான்காம் நாள், அவன் வேலை பார்த்த கடையின் பின்புறத்தில் மையித்தாகக் கிடந்தான். முன்பு பழகியிருந்த அளவையே ஒரே ஒரு முறை ஏற்றியிருக்கிறான். உடம்பு தாங்கவில்லை. வயது 24. அவனுடைய ஜனாஸாத் தொழுகையை நாம்தான் நடத்தினோம்.

அந்தத் தாய் நம்மை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. "அல்லாஹ்வோட நாட்டம் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

தலையில் காயம்பட்ட தோழர்

மதரஸாவில் தயம்மும் பாடத்தில் நாம் ஓதிய ஒரு நிகழ்ச்சி அன்றிரவு நினைவுக்கு வந்தது. ஹஸ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூத் நூலில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு பிரயாணத்தில் தோழர் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார். இறந்துபோனார்.

செய்தி நாயகம் (ஸல்) அவர்களை எட்டியது. அவரை அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்குக் கேள்விதான் நிவாரணம் என்றும் உணர்த்தினார்கள். தயம்மும் செய்து, காயத்தின் மீது துணியைக் கட்டி, அதன் மேல் தடவிக்கொண்டிருந்தாலே அவருக்குப் போதுமாயிருக்கும் என்றும் விளக்கினார்கள்.

சகோதரர்களே! அந்தத் தோழர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கும்போது தயம்மும் கூடாது என்ற சட்டம் சரியான சட்டம்தான். ஆனால் சட்டத்தைப் பார்த்தவர்கள் காயத்தைப் பார்க்கவில்லை. நாமும் அதையேதான் செய்தோம். போதை ஹராம் என்ற சட்டம் நமக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்த காயம் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்று திருக்குர்ஆன் 16-வது அத்தியாயத்தின் 43-வது வசனத்தில் கட்டளையிடுகிறது. உடம்பைப் பற்றிய விஷயத்தில் தெரிந்தவர் வைத்தியரே.

ஆகவே காலம் கடந்த பின்னராவது கேட்பதற்காக அண்ணாமலை நகருக்குச் சென்றோம். பரங்கிப்பேட்டை, கிள்ளை, லால்பேட்டை என்று நம் வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் நோய்க்கு நாடிச் செல்லும் இடம் அது. 1985-ஆம் ஆண்டு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அவ்வூரில் உள்ள மனநல மருத்துவர் ஒருவர், நாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையுடன் பதில் சொன்னார். நாம் விளங்கிக்கொண்ட மட்டில் அதை எழுதுகிறோம்.

வைத்தியர் விளக்கியது

அபின், அதிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின், ஹெராயின், வலிக்கென்று தயாரிக்கப்பட்ட டிரமடால், டபென்டடால் மாத்திரைகள் ஆகிய இவையெல்லாம் மூளையில் ஒரே விதமான பூட்டுகளில் போய்ப் பொருந்தும் சாவிகளைப் போன்றவை. நீண்ட நாள் உபயோகித்தால், அந்தச் சாவி இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு உடம்பு மாறிவிடுகிறது. கிடைக்காமற்போனால் சில மணி நேரத்திலேயே கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், எலும்பெல்லாம் முறிவது போன்ற வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, உறக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. ஹெராயினாக இருந்தால் இரண்டு மூன்று நாட்களில் வேதனை உச்சத்தை அடைந்து, ஒரு வார அளவில் தணியும். அவன் மறுபடி ஓடிப்போய் வாங்குவது பெரும்பாலும் சுகத்துக்காக அல்ல. இந்த வேதனையிலிருந்து தப்பிப்பதற்காகத்தான்.

"அந்த ஒரு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் குணமாகிவிடாதா?" என்று கேட்டோம். உடம்பின் வேதனை தணிந்தாலும் மூளையில் உண்டான மாற்றமும், இழுக்கும் ஆசையும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கின்றன என்றார். மருந்தின்றி நிறுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி விழுந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. உபயோகிக்காமல் இருந்த நாட்களில், பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்திருக்கும். அது தெரியாமல் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களிலும், அடைத்து வைக்கும் இல்லங்களிலிருந்து திரும்பிய முதல் வாரங்களிலும் மரணங்கள் மிகுவதற்கு இதுவே காரணம். அதைக் கேட்டபோது, தராவீஹில் வியர்த்து நின்ற முகம் நம் கண்முன் வந்தது.

அவன் நாக்கடியில் வைத்த மாத்திரையின் பெயர் புப்ரெனார்ஃபின். அதுவும் அதே பூட்டில் பொருந்தும் சாவிதான். ஆனால் பாதியளவே திரும்பும் சாவி. வேதனையையும் ஆசையையும் அடக்குவதற்கு அது போதும். பழகிய உடம்புக்கு மயக்கமோ களிப்போ தராது. ஓரளவுக்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் அதன் வேகம் கூடுவதில்லை. பூட்டை அது பற்றிக்கொண்டிருப்பதால், மேலே ஹெராயின் எடுத்தாலும் அது வேலை செய்வது குறைவு. ஒரு வேளை மருந்து ஒரு நாளைக்கும் மேல் நிற்கும். ஆகவே அடுத்த வேளைக்கு எங்கே பணம், எங்கே சரக்கு என்று அலையாமல் அவன் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் பார்க்கலாம், தொழலாம். மெத்தடோன் என்பது இதே நோக்கத்துக்காகத் தினமும் ஒரு வேளை குடிக்கத் தரப்படும் மற்றொரு மருந்து.

இது நேற்று முளைத்த வைத்தியமன்று. 1960-களிலேயே நியூயார்க் நகரில் டாக்டர் வின்சென்ட் டோல், டாக்டர் மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் மெத்தடோனைக் கொண்டு இதைத் தொடங்கினார்கள். 2005-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எய்ட்ஸ் கிருமி பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007-08-ஆம் ஆண்டில் இச்சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்தது. பஞ்சாப் மாநிலம் 2017 முதல் இதற்கென வெளிநோயாளர் மையங்களை நடத்தி வருகிறது. சிகிச்சையில் நீடித்திருக்கும் காலத்தில், இந்நோயாளிகளிடையே மரணம் பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை.

இது யாரோ சிலருடைய வீட்டு விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, அபின் இன வஸ்துக்களின் உபயோகத்தால் உதவி தேவைப்படும் நிலையில் நம் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உம்மா வாப்பா உண்டு.

இமாம்கள் என்ன கூறினார்கள்?

இனி மார்க்கத்துக்கு வருவோம். மதுவை மருந்தாகத் தயாரிப்பது பற்றி ஒரு தோழர் கேட்டபோது, அது மருந்தல்ல, நோய்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததாக முஸ்லிம் நூலில் உள்ளது. "இந்த ஹதீஸுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நம் ஆலிம்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்த ஹதீஸ் மதுவைப் பற்றியது. மதுவல்லாத, அறிவை மங்கச் செய்யும் மற்ற பொருட்களை வைத்தியத்துக்காக உபயோகிப்பதை இமாம்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அழுகிப்போன கையை வெட்டியெடுக்க நேர்ந்தால், அதற்காக அறிவை மயக்கும் மருந்து கொடுப்பது ஆகும் என்பதே நம் ஷாபிஈ மத்ஹபில் சரியான சொல். இன்று ஆபரேஷனுக்கு மயக்க மருந்து வாங்கிக்கொள்ளும் நம்மில் எவரும் அதை ஹராம் என்று சொல்வதில்லை. புற்றுநோயின் வேதனைக்கு மார்ஃபின் கொடுக்கும்போதும் நாம் தடுப்பதில்லை. போதை நோயாளி என்று வரும்போது மட்டும் நம் நாவு ஏன் முந்துகிறது? அவன் தானே வரவழைத்துக்கொண்ட நோய் என்ற கோபம்தான் காரணம். அந்தக் கோபம் நியாயமாகவே இருக்கட்டும். அது சட்டமாகிவிடாது.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஒரு தீர்ப்பே கிதாபுகளில் இருக்கிறது. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம், அபின் தின்னும் பழக்கத்துக்கு ஆளாகி, அதை உண்ணாவிட்டால் அழிந்துவிடுவான் என்ற நிலையை அடைந்த மனிதனைப் பற்றிக் கேட்கப்பட்டது. அது உறுதியாகத் தெரிந்தால் அவனுக்கு அது ஆகும், அதுமட்டுமல்ல, உயிரைக் காப்பதற்காக அது கடமையுமாகும் என்றார்கள். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவனுக்குச் செத்ததை உண்பது ஆகுமானதைப் போல என்று உவமையும் காட்டினார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. உடம்பு உணராத வண்ணம் சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, அந்தப் பிடிப்பு நீங்கச் செய்வதும் அவன் மீது கடமை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டால் அவன் குற்றவாளி என்றார்கள். ஹனஃபீ மத்ஹபின் பிற்கால மேதையான இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், நம் மதரஸாக்களில் 'ஷாமி' என்று வழங்கும் தம் நூலில் இத்தீர்ப்பை எடுத்தெழுதி, ஹனஃபீச் சட்ட விதிகளும் இதற்கு முரணல்ல என்ற கூற்றையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன், மருந்துக் கடையும் மாத்திரையும் இல்லாத காலத்தில், அபினையே அளவு குறைத்துத் தின்று மீளும்படி இமாம் அவர்கள் வழி காட்டினார்கள். இன்று அபினைத் தொடவே வேண்டாம், அளந்து கொடுக்கும் மருந்தைக் கொண்டு மீளலாம் என்று வைத்தியர் கூறுகிறார். முன்னதற்கு இடமிருக்க, பின்னதற்கு இல்லை என்று எப்படிக் கூற முடியும்? குறைக்கும் படிகளுக்கு இமாம் அவர்கள் நாள் கணக்கு விதிக்கவில்லை. ஒருவருக்குச் சில மாதங்கள், மற்றொருவருக்குப் பல வருடங்கள் ஆகலாம். அதைக் கணிப்பவர் வைத்தியர்தான். முத்தவல்லியும் அல்ல, மாமாவும் அல்ல, நாமும் அல்ல.

படிப்படி என்பதே மார்க்கத்துக்குப் புதிதன்று. மது விலக்கப்பட்டதே ஒரே நாளில் அல்ல. அதில் பாவம் பெரிது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் மயங்கிய நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என்று தடுக்கப்பட்டது. அதன் பிறகே முற்றாக விலக்கப்பட்டது. தொடக்கத்திலேயே மதுவை விடுங்கள் என்று சொல்லப்பட்டிருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை புகாரி நூலில் காண்கிறோம். மனிதனைப் படைத்தவனுக்கு மனிதனின் பலவீனம் தெரியும்.

தொழுகையும் நோன்பும்

இந்த மருந்தை உட்கொள்பவரின் தொழுகை கூடுமா என்று கேட்கிறார்கள். மயங்கியவர், தாம் கூறுவது இன்னதென்று அறியும் வரை தொழுகையை நெருங்க வேண்டாம் என்பது திருக்குர்ஆன் 4-வது அத்தியாயத்தின் 43-வது வசனத்தின் கருத்து. ஆகவே அளவுகோல் தெளிவுதான். அளவு சரியாக அமைந்த நோயாளி தெளிவோடு இருக்கிறார். அல்ஹம்து ஓதுகிறார், ரக்அத்தை எண்ணுகிறார், கடையில் கணக்குப் பார்க்கிறார். அவர் தொழுகை கூடும். தொழவைக்கத் தகுதியுடையவராயின் அவர் பின்னால் நின்று தொழுவதும் கூடும். சிகிச்சையின் தொடக்க நாட்களில் தூக்கக் கலக்கம் இருந்தால், தெளிந்த பின் தொழட்டும்.

நோன்புக்கும் தடையில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் மருந்தாகையால், நோன்பு திறந்த பின்போ ஸஹர் நேரத்திலோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரத்தைத் தாமாக மாற்றக்கூடாது. ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் சென்று, நோன்பு வருகிறது, நேரத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். பகலில் மையத்துக்குச் சென்று அவர்கள் முன்னிலையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற நிலை மாறாவிட்டால், நோயாளிகளுக்கு அல்லாஹு தஆலா 2-வது அத்தியாயத்தில் வழங்கியுள்ள சலுகை இவருக்கும் உண்டு. பின்னர் களாச் செய்துகொள்வார். மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு வை என்று மட்டும் எவரும் சொல்ல வேண்டாம். சொல்லி, அதன் முடிவைக் கண்டவர்கள் நாம்.

"பள்ளிவாசலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் கடற்கரை ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகள் சென்று வரும் மலேசியாவில், அரசாங்கம் 2005-ல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள், கோலாலம்பூரில் மஸ்ஜிதுர் ரஹ்மான் பள்ளிவாசலிலேயே அம்மருந்தை வழங்கத் தொடங்கினார்கள். நோயாளி பள்ளிக்கு வருகிறார், மருந்தை வாங்கிக் குடிக்கிறார், தொழுகிறார், நல்லுபதேசம் கேட்கிறார். மருந்தும் வணக்கமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஈரானிலும் இலட்சக்கணக்கானோர் இச்சிகிச்சையைப் பெறுகிறார்கள்.

வீட்டாரும் ஜமாஅத்தாரும் செய்ய வேண்டியவை

மருந்து ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆலோசனை, வேலை, நல்ல சேர்க்கை, தௌபா, துஆ ஆகிய அனைத்தும் வேண்டும். ஆனால் மூழ்குகிறவனை முதலில் கரையேற்ற வேண்டும். மூச்சு இருந்தால்தானே தௌபா?

இம்மருந்தையே போதைக்காகத் தவறாக உபயோகித்தவர்களும் நம் நாட்டில் உண்டு என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே இது தரப்பட வேண்டும். வீட்டுக்கு மாத்திரை தந்தால் உம்மாவோ மனைவியோ பூட்டி வைத்து, ஒவ்வொரு நாளும் எடுத்துத் தரட்டும். பிள்ளைகள் கையில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. இதனுடன் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. நிறுத்தும் நாளை டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

அடைத்து வைப்பதும், அடிப்பதும், சங்கிலியிடுவதும் வைத்தியமல்ல. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில் மனநோயாளிகள் 28 பேர் மாண்டதையும், அவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் நம் சமுதாயம் மறந்துவிடலாகாது. நேர்ச்சைக்கும் துஆவுக்கும் அழைத்துச் செல்பவர்கள், ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லட்டும்.

போலீஸுக்குப் பயந்து பலர் சிகிச்சைக்கு வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, உபயோகித்த குற்றத்துக்காகவும் சிறு அளவு தொடர்பான குற்றத்துக்காகவும் வழக்குத் தொடரப்படுவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை இழக்க நேரிடும். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில், எங்கே செல்வது என்று விசாரிக்கலாம். தமிழக அரசும் 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. பெண் பிள்ளைகளின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைக்கும் வீட்டாருக்கு ஒன்று கூறுகிறோம்: சிகிச்சை பெறும் மகன் அவமானமல்ல.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். புகாரி நூலில் மது அருந்தும் பழக்கத்தால் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி வருகிறது. கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். விழுந்து விழுந்து எழும் ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த இடம் அது. நம் பள்ளியில் அவனுக்குக் கடைசி வரிசையிலாவது முகம் சுளிக்காமல் இடம் கொடுக்கிறோமா? அவன் மருந்து சாப்பிடும் செய்தி நம் காதுக்கு வந்தால், அது அமானிதம் என்று பேணுகிறோமா?

இமாமத் செய்யும் நம் வாலிப ஆலிம்களுக்கு இறுதியாக ஒரு சொல். நாளை உங்களிடமும் ஒரு தாய் வந்து கேட்பார். தெரியாவிட்டால், "இன்று பதில் சொல்லவில்லை உம்மா, டாக்டரைக் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன், அதுவரை மருந்தை நிறுத்த வேண்டாம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் கண்ணியம் குறையாது. நாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், இன்று அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருப்பான்.

அந்தத் தாயின் வீட்டுக்கு இப்போதும் பெருநாள் அன்று சென்று வருகிறோம். நாம் விசாரிக்காமல் சொன்னதை அவரிடமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். "நீங்க மத்த புள்ளைங்களுக்குச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். அதற்காகவே இதை எழுதினோம்.

யா அல்லாஹ்! அறியாமல் நாங்கள் கூறிய தீர்ப்புகளை மன்னிப்பாயாக! அந்தப் பிள்ளையின் பிழைகளைப் பொறுத்து, அவனுடைய கபுரை ஒளியாக்குவாயாக! இந்நோயில் சிக்கித் தவிக்கும் எங்கள் வாலிபர்களுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுடைய பெற்றோருக்குப் பொறுமையையும், எங்களுக்குக் கேட்டறியும் பண்பையும் தந்தருள்வாயாக! ஆமீன்.